கடுகு டப்பாவும் என் மரபணுவும்

இரண்டு மாதம் முன்பு, செம்பூரில் எங்கள் காலனிப் பெண்கள் சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷம் பேசினால் போதுமாம். தலைப்பையும் அவர்களே வைத்திருந்தார்கள்: எண்ணம் மாறினால் மரபணுவும் மாறும். ரத்தப் புற்றுநோய் வந்து பன்னிரண்டு வருஷம் கழித்தும் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன் அல்லவா, சாட்சி சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் யார்? மைக்கைக் கையில் கொடுப்பதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள், "ஆன்ட்டி, நீங்க பாசிட்டிவா இருந்ததாலதான சரியாச்சு?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றாலும் முழு உண்மை ஆகாது. முப்பது வருஷம் தாராவியில் தமிழ்வழிப் பள்ளியில் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். அரைகுறையாகச் சொல்லிக் கொடுப்பதைவிட சும்மா இருப்பது மேல் என்று நினைப்பவள். தொண்டை சரியில்லை என்று சொல்லி, அவர்கள் கொடுத்த வடையைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. மகள் புனேயில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நானும் அவரும் மட்டும். அவர் என்றால் என் வீட்டுக்காரர். பெயர் சுடலைமுத்து. வாயால் சொல்ல மாட்டேன், எழுதுவதில் தடையில்லை. தாராவியில் ஒரு தோல்பைப் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தார்.

முதலில் தெரிந்தது பசியில்தான். இரண்டு இட்லி தின்றால் விருந்து சாப்பிட்டது போல வயிறு நிறைந்துவிடும். இடது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டிவைத்த மாதிரி ஒரு கனம். பள்ளிக்கூட மாடி ஏறினால் மூச்சு வாங்கும். "வயசாயிட்டுல்லா, இனிமே ஒரு இட்லிதான்" என்று அவர் கிண்டல் செய்தார். பிறகு, ஆசிரியர்களுக்கு வருஷாவருஷம் நடக்கும் ரத்தப் பரிசோதனையில், லேப்காரப் பையன் போன் செய்து இன்னொரு முறை ரத்தம் கொடுக்க வரச் சொன்னான். மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்றான். மெஷின் சரியாகத்தான் காட்டியிருந்தது. ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் என் ரத்தத்தில் லட்சக்கணக்கில் இருந்தன.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. ரத்தம் உற்பத்தியாகும் இடம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் பின்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த இன்னொரு ஊசியைத் திருகி இறக்கினார்கள். குத்துவதுகூடத் தெரியவில்லை, உள்ளேயிருந்து உறிஞ்சும்போதுதான் உயிர் போய் வந்தது. வெளியே வந்தபோது அவர் கதவுக்குப் பக்கத்தில் என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எதற்குக் கையில் வைத்திருந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் டாக்டர் ஒரு மராட்டிப் பெண்மணி. என்னைவிடச் சின்னவர், ஆனால் என்னையே வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லுவார் போல ஒரு கண்டிப்பு. இந்தியில்தான் பேசுவார், நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். நம் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் குரோமோசோம்கள் இருக்கின்றன, அவற்றில்தான் ஜீன் என்கிற மரபணுக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. செல் இரண்டாகப் பிரியும்போது இதெல்லாம் பிரதி எடுக்கப்படும். என் மஜ்ஜையில் என்றைக்கோ ஒருநாள், ஒரே ஒரு செல்லில், இரண்டு குரோமோசோம்கள் உடைந்து துண்டு மாறி ஒட்டிக்கொண்டன. ஒட்டிய இடத்தில் அதுவரை இல்லாத ஒரு ஜீன் உருவாகிவிட்டது. அதற்குத் தெரிந்தது ஒரே வேலை, வெள்ளணு செய், வெள்ளணு செய் என்று ஓயாமல் உத்தரவு போடுவது. அந்த உத்தரவை அடைக்க ஒரு மாத்திரை இருக்கிறது, தினமும் சாப்பிட வேண்டும், ஒருநாள்கூட விடக் கூடாது என்றார்.

"நான் என்ன தப்பு செஞ்சேன் டாக்டர்?" என்று கேட்டேன்.

"நீங்கள் டீச்சர்தானே? போர்டைப் பார்த்து எழுதும் குழந்தை ஒரு எழுத்தை மாற்றி எழுதிவிட்டால் அது பாவமா? தினமும் எத்தனை கோடி செல் பிரதி எடுக்கிறது! ஒன்று தப்பிவிட்டது, அவ்வளவுதான்."

அந்தப் பதிலை அன்றைக்கே மனசில் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

மாத்திரை ஆரம்பித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, அந்தத் தப்பு ஜீன் நூற்றுக்கு எவ்வளவு பாக்கியிருக்கிறது என்று எண்ணுவார்கள். அந்த எண் இறங்கிக்கொண்டே போக வேண்டும். எங்கள் வாழ்க்கையே அந்த எண்ணைச் சுற்றி வந்தது.

சொன்னால் பைத்தியம் என்பீர்கள், அந்த நாட்கள் எனக்கு இன்றைக்கும் இனிக்கின்றன. செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் பிடித்து வடாலா, அங்கிருந்து பஸ். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் லோக்கல் ரயிலில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. அவர் ஜென்ட்ஸ் பெட்டி, நான் லேடீஸ் பெட்டி, இறங்கியதும் பிளாட்பாரத்தில் ஒருவரையொருவர் தேடிப் பிடிப்போம். மும்பையில் குடும்பம் நடத்துகிற எல்லாருக்கும் அப்படித்தான். இப்போது ஊனமுற்றவர்களுக்கும் கேன்சர்காரர்களுக்கும் என்று இருக்கிற சின்னப் பெட்டியில், ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டி ஏறினால், ஜன்னல் ஓரம் நான், பக்கத்தில் துணையாள் அவர். முதல்நாள் ஏறி உட்கார்ந்ததும் என் காதில் சொன்னார், "ஏட்டி, நமக்கு இப்பந்தான் கல்யாணம் ஆன மாதிரி இருக்கு." எதிரே ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தவர் தமிழர்போல, சிரித்துவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தில் தூணுக்குப் பக்கத்து பெஞ்சு எங்களுடையது. எலுமிச்சஞ்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் கொண்டுபோவேன். உல்லாஸ்நகரிலிருந்து ஒரு சிந்தி அம்மா வருவாள், அவள் ஊறுகாய் தருவாள், நான் பொரியல் தருவேன். எந்த வார்டு, எத்தனாவது கீமோ சுற்று என்று கேட்டுக்கொள்வோமே தவிர பெயர் கேட்டுக்கொண்டதில்லை. அவர் அங்கேயே உட்கார்ந்து தூங்கிவிடுவார், தலை என் தோளில் சாயும். நோயாளி யார் என்று பார்க்கிறவர்களுக்குக் குழம்பும். வீட்டில் காப்பி போட்டுக் கொடுத்தறியாத மனுஷன், எனக்கு வாய்க்கசப்பு என்று தெரிந்ததிலிருந்து தினமும் நெல்லிக்காயை நறுக்கி உப்பில் போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போவார்.

ஒரு வருஷத்தில் எண் நன்றாக இறங்கியது. அப்போதுதான் காட்கோபரிலிருந்து அவருடைய அக்கா வந்தாள். நான் மைனி என்று கூப்பிடுவேன். பாசக்காரி. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே மைக் பிடித்த ஒருவர், நம் செல்கள் நாம் நினைப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கின்றன, நினைப்பை மாற்றினால் ஜீனே மாறும் என்று சொல்லிக்கொடுத்தாராம்.

"நெஞ்சுல கைய வச்சு இருபத்தோரு தடவ சொல்லணும் வடிவு. நான் சொகமாயிட்டேன், என் செல்லெல்லாம் நல்லாருக்குன்னு. சந்தேகப்படாம சொல்லணும், கேட்டியா?"

"சந்தேகப்பட்டா மைனி?"

"அதுக்குத் தெரிஞ்சுபோயிரும்லா!"

மறுநாளே ஆரம்பித்தேன். டீச்சர் புத்தி போகுமா? நெஞ்சில் கைவைத்து வெள்ளணுக்களை நாலாம் வகுப்பு மாதிரி வரிசையில் நிற்கவைத்தேன். சத்தம் போடாதீங்க, ஒருத்தர் மேல ஒருத்தர் விழாதீங்க, கடைசி பெஞ்சுல இருக்கிறவன் எந்திரிச்சு முன்னால வா. சிரிப்பாக இருந்தாலும் மனசு லேசானது. பாட்டுகூட முணுமுணுக்க ஆரம்பித்தேன்.

ஆனால் அந்த வகுப்பில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். முழுங்கின கோபம்தான் நோயாகிறதாம். மைனி அதைப் போகிறபோக்கில்தான் சொன்னாள், நான்தான் பிடித்துக்கொண்டேன். யார்மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துப் பார்த்தால் முதல் ஆள் அவர்தான். என் நகையை விற்றுத் தன் தம்பிக்குக் கொடுத்தது, மகளைக் காலேஜில் சேர்க்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்காதது. ஆக, அவர்மேல் பட்ட கோபத்தால் நானே வரவழைத்துக்கொண்ட நோயா இது? அவர் நெல்லிக்காய் நறுக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ குத்தும். எண்ணத்தால் நோயைத் தீர்க்கலாம் என்று சொல்கிறவர்கள், எண்ணத்தால்தான் நோய் வந்தது என்று இன்னொரு கையால் அறைகிறார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் கோபம் வருகிறது.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய கூத்து. அந்த மாத்திரையால் கண்ணுக்குக் கீழே வீங்கும், கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கும், வாய் புண்ணாகும். நம் ஆட்களுக்கு இதற்கெல்லாம் ஒரே பெயர்தான், சூடு. இங்கிலீஷ் மருந்து சூடு, உடம்புக்கு நடுவில் ஓய்வு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈரலைத் தின்றுவிடும். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பிறந்ததிலிருந்து தெரியும். எண்தான் இறங்கிவிட்டது, செல்களும் பேச்சைக் கேட்கின்றன, பிறகு எதற்கு தினமும் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன். சாப்பிடாத மாத்திரைகளை சமையலறையில் கடுகு டப்பாவில் போட்டு மேல்தட்டில் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கவலைப்படுவார்.

அடுத்த ரிப்போர்ட்டை வாங்க அவர் மட்டும் போனார். ரிப்போர்ட் வாங்கி டாக்டரிடம் காட்டிவிட்டு வருவது அவர் வேலை, பட்டறை விடுமுறை நாளில் போவார். கதவைத் திறந்ததும் கேட்டேன், "எப்படி?"

"நல்லாருக்கு."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாதி மாத்திரையிலேயே நல்லாயிருக்கிறது! அப்படியென்றால் மீதிப் பாதி வேலையை என் எண்ணம் செய்திருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மாத்திரை என்று குறைத்தேன். வீக்கம் வடிந்தது, நன்றாகச் சாப்பிட்டேன், இரண்டு கிலோ கூடினேன். மூன்று மாதம் கழித்து மறுபடி அதே கேள்வி, அதே பதில். அன்றைக்குப் பாயசம் வைத்தேன். அவர் ஒரு கரண்டி மட்டும் குடித்துவிட்டு எழுந்துபோனார். சர்க்கரை கூடிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து டாக்டரே என் போனுக்குக் கூப்பிட்டார். "ஊரிலிருந்து வந்துவிட்டீர்களா? நாளைக்கு இரண்டு பேரும் வாருங்கள்." நான் எந்த ஊருக்கும் போகவில்லையே என்று அவரைப் பார்த்தேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அறைக்குள் டாக்டர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். ஒன்றுக்கும் மிகக் கீழே இருந்த எண், ஒன்றைத் தாண்டி, நாலுக்கு வந்திருந்தது.

"நல்லாருக்குன்னுதானே சொன்னீங்க?" அவரைக் கேட்டேன்.

"அவளிடம் சொல்ல வேண்டாம், அவள் மனசு உடைந்தால் உடம்பு கேட்காது என்று என்னிடம் கெஞ்சினார்" என்றார் டாக்டர். "அழைத்து வாருங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் நீங்கள் ஊருக்குப் போயிருந்தீர்கள். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். அவள் டீச்சர், தவறவே மாட்டாள் என்று சத்தியம் செய்தார்."

கடுகு டப்பாவைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் மேஜைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இவர் உங்களுக்காக மறைத்தார், நீங்கள் இவருக்காக மறைத்தீர்கள். நடுவில் கொண்டாட்டம் யாருக்கு? அந்த ஜீனுக்கு."

பிறகு பொறுமையாகச் சொன்னார். பயந்தால் நெஞ்சு படபடக்கிறது, வெட்கப்பட்டால் முகம் சிவக்கிறது, எண்ணம் உடம்பைத் தொடாது என்று யார் சொன்னது? நாள்பட்ட கவலையில் சில ஜீன்கள் அதிகம் வேலை செய்கின்றன, சில அடங்குகின்றன என்று ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. நிம்மதியாக இருந்தால் தூக்கம் வரும், பசிக்கும், அது பெரிய விஷயம். "ஆனால் உடைந்து ஒட்டிய ஜீன் யார் பேச்சையும் கேட்காது அம்மா. என் பேச்சையும் கேட்காது. மாத்திரைக்குத்தான் கட்டுப்படும்."

அத்தோடு முடியவில்லை. மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால், அதை ஏமாற்றும் வித்தையை அந்தச் செல்கள் கற்றுக்கொண்டுவிடலாம். கற்றுக்கொண்டிருந்தால் இந்த மாத்திரை இனிப் பலிக்காது. அதைக் கண்டுபிடிக்க இன்னொரு பரிசோதனை, முடிவு வரப் பத்து நாள்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். அங்கே நின்று நான் வெடித்தேன். "மூணரை மாசம் என்ன முட்டாளாக்கி வச்சிருந்தீங்கல்லா? பாயசம் வேற வச்சேன்!"

"நீ மட்டும்? கடுகு டப்பாவுல மருந்து வச்சிருக்கே! நான் தாளிக்கப் போயிருந்தா?"

"நீங்க என்னைக்குத் தாளிச்சீங்க?"

பஸ் வந்தது, போனது. ஏறவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். "எங்க வீட்டுல அரிசி தீந்தா தீந்துட்டுன்னு சொல்லமாட்டோம் வடிவு, உனக்குத் தெரியும். நெறைஞ்சிருக்குன்னுதான் சொல்லணும். விளக்க அணைன்னு சொல்லக்கூடாது, குளிரவைன்னு சொல்லணும். வீட்டுக்குள்ள கெட்ட சொல்லு வரக்கூடாதுன்னு சின்னதுலேர்ந்து அப்படியே வளந்துட்டேன். அந்த ரிப்போர்ட்ட கையில வச்சிக்கிட்டு உன் முன்னால நின்னா, வேற சொல்லு வாயில வரல. வாசல்ல வச்சு ரெண்டு தடவ சொல்லிப்பாத்தேன். வரல."

அவர் கண் நிறைந்துவிட்டது. அந்த மனுஷன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கல்யாணமான நாளிலிருந்து நானும் அந்த வீட்டு வழக்கப்படி காலி டின்னைப் பார்த்து நிறைஞ்சிருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தானே, எந்த வாயால் திட்டுவது? அந்தப் பத்து நாளும் அவரே மாத்திரையை எடுத்துக் கொடுத்து, நான் விழுங்குகிறவரை எதிரே நின்றார். செல்கள் வித்தை எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்று முடிவு வந்தது. பழைய மாத்திரையே போதும். நாலு ரிப்போர்ட்டில் எண் பழையபடி இறங்கியது, அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. ரிப்போர்ட் உறையைத் தூணுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் பிரிப்போம். உள்ளதை உள்ளபடி சத்தமாகப் படிக்க வேண்டும்.

இப்போது அந்தச் சங்கத்துப் பெண்ணுக்குப் பதில் சொல்ல முடியும். அம்மா, நம்பிக்கைக்கு மார்க் போட்டால் அந்த ஆறு மாதத்தில் எனக்கு நூற்றுக்கு நூறு. எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் என் வீட்டுக்காரரே பொய் சொல்லி அதைப் பாதுகாத்தார். அப்படி நம்பியும் அந்த எண் ஏறியது. என் நம்பிக்கை என் மரபணுவைத் தொட்டது உண்மைதான். கடுகு டப்பா வழியாகத் தொட்டது. அதே நம்பிக்கைதான் எனக்குச் சோறு இறங்கச் செய்தது, பாடவைத்தது, அதையும் மறுக்க மாட்டேன். இன்றைக்கும் காலையில் நெஞ்சில் கைவைத்து என் நாலாம் வகுப்பைக் கொஞ்ச நேரம் அதட்டுகிறேன். மாத்திரையை விழுங்கிவிட்டு அதட்டுகிறேன்.

இதையெல்லாம் இப்போது உட்கார்ந்து எழுதுவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. அவருக்கு நாலைந்து மாதமாகச் சிறுநீர் போவதில் சிரமம். புராஸ்டேட் என்கிற சுரப்பியில் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். போன வாரம் ரிப்போர்ட் வாங்கப் போனோம். அதே ஆஸ்பத்திரி. பெயின்ட் மாறியிருக்கிறது, தூணும் பெஞ்சும் அங்கேயே இருக்கின்றன. அவர் உறையை என் மடியில் வைத்தார்.

"நீயே பிரிட்டி."

பிரித்தேன். முதல் பக்கத்துக் கடைசி வரியிலேயே இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் எதிரே இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லாருக்கு என்கிற சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அன்றைக்கு வாசலில் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன் என்றாரே, அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பத்து வருஷத்துக்கு மேல் கழித்து அவரை முழுசாக மன்னித்தேன்.

"கேன்சர்தாங்க" என்றேன். "வேற எங்கயும் பரவியிருக்கான்னு ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்."

அவர் ரிப்போர்ட்டை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு, "சரி, சோத்தைப் பிரி" என்றார். எலுமிச்சஞ்சோறு. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

திரும்பும்போது வடாலாவில் அதே சின்னப் பெட்டியில் ஏறினோம். இந்தமுறை ஜன்னல் ஓரம் அவருக்கு, துணையாள் நான். குர்லா தாண்டியதும் வெளியே பார்த்தபடியே கேட்டார், "வீட்டுல அரிசி இருக்கா?"

முப்பத்தாறு வருஷப் பழக்கம், வாய் தானாக ஒரு சொல்லுக்குப் போயிற்று. நிறுத்தினேன்.

"தீந்துட்டு" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப எறங்குனதும் வாங்கிட்டுப் போவோம்."